வாய்க்கு எந்த எண்ணெய்? வன்னி வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

காலையில் வாய் கொப்பளிக்க நல்லெண்ணெய் நல்லதா, தேங்காய் எண்ணெய் நல்லதா என்று வாசகர்கள் அடிக்கடி கேட்டு எழுதுகிறார்கள். கேட்பவர்களுள் ஒரு சாரார் கைபேசியில் பார்த்த காணொளிகளால் ஆர்வம் கொண்டவர்கள். மறு சாரார் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முழங்காவில் போன்ற இடங்களிலிருந்து பல் வைத்தியரிடம் போய்வருவதென்றால் ஒரு நாட் கூலியையும் பஸ் காசையும் இழக்க வேண்டியவர்கள். வீட்டிலிருக்கும் எண்ணெயால் காரியம் ஆகுமா என்பது அவர்களுக்குக் குடும்பச் செலவுக் கணக்கு. இரு சாராரும் எந்த எண்ணெய் என்று கேட்கிறார்களே தவிர, எதற்காக என்று சொல்வதில்லை. முரசிலிருந்து இரத்தம் கசிகிறது என்று எண்ணெயை நாடுபவருக்கும், நள்ளிரவில் கடைவாய்ப் பல் குத்துகிறது என்று நாடுபவருக்கும், குடிக்கும் மாத்திரைகளால் வாய் காய்ந்துபோகிறது என்று நாடும் முதியவருக்கும் வேண்டிய எண்ணெய் ஒன்றல்ல. ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்குப் புண்ணை உண்டாக்கலாம். கைக்குழந்தையாக இருந்தால் உயிராபத்தையே உண்டாக்கலாம்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன், எந்த எண்ணெயாலும் ஆகாத காரியங்களை ஒதுக்கிவிடுவோம். சூத்தை விழுந்து குழியான பல்லை எண்ணெய் அடைக்காது. பல்லின் அடியில் கல்லாக இறுகிவிட்ட ஊத்தையை எண்ணெய் கரைக்காது. அதைப் பல் வைத்தியர் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வவுனியாவின் சில பகுதிகள் உட்பட வரண்ட வலயத்தில், கிணற்று நீரில் மிகையாக இருக்கும் புளோரைட்டினால் பிள்ளைகளின் முன்பற்களில் காணப்படும் மஞ்சள், கபில நிறத் திட்டுகள், பல் முளைக்குமுன்பே அதன் மேற்படையான மிளிரியினுள் பதிந்துவிட்டவை. கொப்பளித்தால் அவை வெளுக்கும் என்று சொல்லி எண்ணெய் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவதாகப் பார்க்க வேண்டியது சான்று. ஓர் எண்ணெய் ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொன்றது என்பதும், மனிதர்களின் வாயில் முரசு வீக்கத்தைக் குறைத்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவது செய்தியே நமக்கு வேண்டியது. அடுத்தது ஆபத்து. அதை அளக்கும்போது எண்ணெயைப் பயன்படுத்துபவரை மட்டும் பார்த்தால் போதாது. அதே வீட்டில் தவழும் குழந்தையின் கைக்கு அந்தப் போத்தல் எட்டுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம்பத்தக்க தரத்தில் அந்த எண்ணெய் இங்கு கிடைக்கிறதா என்பது. நான்காவது, காசும் நேரமும். ஐந்தாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்: அந்த எண்ணெய் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்குமா? வலியை அடக்கும் எண்ணெய் இந்த அளவுகோலில்தான் தோற்றுப்போகிறது.

| தெரிவு | எதற்கு உதவலாம் | சான்று | முக்கிய ஆபத்து | செலவு |
|---|---|---|---|---|
| நல்லெண்ணெய் கொப்பளிப்பு | முரசு வீக்கம், வாய் நாற்றம் | சிறிய, குறுகிய ஆய்வுகள் | மூச்சுக்குழாயில் இறங்குதல், எள்ளு ஒவ்வாமை | கடையில் வாங்கினால் கூடுதல் |
| தேங்காய் எண்ணெய் கொப்பளிப்பு | முரசு வீக்கம், வாய் வறட்சி (தடவுவதற்கு மட்டும்) | சிறிய, குறுகிய ஆய்வுகள் | மூச்சுக்குழாயில் இறங்குதல் | நடுத்தரம் |
| கராம்பெண்ணெய் | பல்வலிக்குத் தற்காலிக நிவாரணம் | வலியைத் தணிப்பதற்கு உண்டு | முரசு வெந்துபோதல், பிள்ளைகள் குடித்தால் நஞ்சு | ஒரு சிறு போத்தல் நெடுங்காலம் வரும் |
| வேப்பெண்ணெய் | வாய்க்குள் பரிந்துரைக்க எதுவுமில்லை | போதாது | குழந்தைகளுக்குக் கடும் நஞ்சு | குறைவு |
| எண்ணெய் இன்றிப் புளோரைட் பற்பசை | சூத்தையைத் தடுத்தல், முரசு | மிக வலுவானது | சிறு பிள்ளைகள் விழுங்குதல் | குறைவு |

## நல்லெண்ணெய்

எண்ணெய் கொப்பளித்தல் பற்றிப் பழைய வைத்திய நூல்கள் பேசும்போது பெரும்பாலும் நல்லெண்ணெயையே கருதுகின்றன. ஆயுள்வேதம் அதைக் கவளம், கண்டூஷம் என்று இரண்டாகப் பிரித்து விளக்குகிறது. வாயில் அசைத்துக் கொப்பளிக்கக்கூடிய அளவு எடுத்துக்கொள்வது கவளம். வாய் நிறைய வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பது கண்டூஷம். இன்றைய காணொளிகளில் வருவது முன்னையது.

சான்று என்று பார்த்தால், சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பிடலாம். முரசு வீக்கம் உள்ள பதின்ம வயதுப் பையன்கள் 20 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நல்லெண்ணெயாலும் மற்றப் பிரிவினரைக் குளோர்ஹெக்சிடீன் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு நீராலும் பத்து நாட்கள் கொப்பளிக்க வைத்தார்கள். இரு பிரிவினருக்கும் பற்படலமும் (பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்) முரசு வீக்கமும் குறைந்தன. நல்ல செய்திதான், ஆனால் 20 பேரை வைத்துப் பத்து நாட்கள் செய்த ஆய்வு எவ்வளவு பாரத்தைச் சுமக்குமோ அவ்வளவைத்தான் அதன்மேல் ஏற்றலாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் எண்ணெய் கொப்பளித்தலை இன்றுவரை பரிந்துரைக்காமல் இருப்பதற்குக் காரணம், அது தீங்கானது என்பதைக் காட்டிலும், இத்தகைய ஆய்வுகள் சிறியவையாகவும் குறுகியவையாகவும் இருப்பதே.

கொப்பளித்து முடியும்போது எண்ணெய் பால்போல வெளுத்து வருவதை, உடம்பிலிருந்த நஞ்சு வெளியேறுவதாகச் சொல்கிறார்கள். எண்ணெயும் எச்சிலும் பத்து நிமிடம் கலக்கப்பட்டால் பால்மம் ஆகும். ஒரு சிறு போத்தலில் எண்ணெயையும் எச்சிலையும் விட்டுக் குலுக்கினாலும் அதே வெண்மைதான் வரும். முரசு வீக்கம் குறைவதற்கு நஞ்சுக் கதை தேவையில்லை. எண்ணெய் அசையும்போது பல்லின் மேல் தளர்வாக ஒட்டியிருக்கும் அழுக்கும் கிருமியும் கழன்று அதனோடு வெளியே வருகின்றன என்ற எளிய விளக்கமே போதும்.

வன்னியைப் பொறுத்தவரை நல்லெண்ணெய்க்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. மேட்டுநிலத்தில் சிறுபோகத்தில் எள்ளு விதைக்கும் குடும்பங்கள், தாங்களே கழுவிக் காயவைத்த எள்ளைச் செக்குக்கோ மில்லுக்கோ கொண்டுபோய், கண்முன்னே ஆட்டுவித்து எடுத்து வரலாம். அந்த எண்ணெயின் தரத்தைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எள்ளு விதைக்காதவருக்கு நிலைமை வேறு. கடையில் நல்லெண்ணெய் தேங்காய் எண்ணெயை விட விலை கூடியது. மலிவாகக் கிடைத்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது நல்லது. கோவில் விளக்குக்கென்று விற்கப்படும் எண்ணெய் உணவுக்கானதல்ல. அதை வாயில் விடக்கூடாது.

எள்ளு ஒவ்வாமை உள்ளவர் அரிது, ஆனால் இருக்கிறார்கள். எள்ளுருண்டை தின்றால் உதடு தடித்துத் தொண்டை அரிப்பவர், நல்லெண்ணெயையும் வாயில் வைக்கலாகாது.

## தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். சூத்தைக்குக் காரணமான கிருமிகளை லோரிக் அமிலம் அடக்குகிறது என்பது ஆய்வுகூடத்தில் காணப்பட்டது. இதை வைத்தே தேங்காய் எண்ணெய் மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்ற விளம்பரம் எழுகிறது. விளம்பரம் சொல்லாமல் விடுவது என்னவென்றால், எண்ணெயில் அந்த அமிலம் தனியாக மிதப்பதில்லை. கொழுப்பு மூலக்கூறில் கட்டுண்டே இருக்கிறது. அதைக் கட்டவிழ்க்கும் நொதியத்தின் வேலை பெரும்பாலும் வயிற்றுக்கு அப்பால், சிறுகுடலில்தான் நடக்கிறது. வாயில் பதினைந்து நிமிடத்தில் அவ்வளவு லோரிக் அமிலம் விடுபட்டுவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

கேரளத்தின் கண்ணூரில் 16 முதல் 18 வயது வரையானவர்கள் 60 பேர் தேங்காய் எண்ணெயால் 30 நாட்கள் கொப்பளித்த ஆய்வு 2015 இல் வெளியானது. பற்படலமும் முரசு வீக்கமும் முதல் வாரத்திலிருந்தே குறையத் தொடங்கின. ஆனால், எண்ணெய் பயன்படுத்தாத ஒரு பிரிவு ஒப்பிடுவதற்கு வைக்கப்படவில்லை. தங்கள் வாயை யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் வழக்கத்தை விடக் கவனமாகப் பல் துலக்கியிருப்பார்கள் என்ற நியாயமான ஐயத்தை அந்த ஆய்வால் நீக்க முடியவில்லை.

ஆகவே சான்று என்ற அளவுகோலில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஏறக்குறையச் சமம். வேறுபாடு நடைமுறையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் சுவை மென்மையானது. நல்லெண்ணெயின் கனத்தால் குமட்டல் வருபவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை எழுந்து பார்த்தால் போத்தலின் கழுத்து வரை வெள்ளையாக இறுகியிருக்கும். கரண்டிக் காம்பால் கிண்டி எடுத்து வாயில் போட்டால் ஒரு நிமிடத்தில் உருகிவிடும் என்றாலும், பல் கூச்சம் உள்ளவர்களுக்கு அந்த முதல் நிமிடம் இனிமையாக இருப்பதில்லை. முதல் நாள் இரவே அகன்ற வாயுள்ள சிறு போத்தலில் கொஞ்சம் எடுத்துவைத்து, காலையில் வெந்நீர்க் கோப்பைக்குள் நிறுத்தி எடுப்பது எளிது.

தரம் பற்றிய கவலை இங்கும் உண்டு. கொப்பறை சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால், அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு எண்ணெயிலும் இறங்கலாம். 2021 இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இது கண்டறியப்பட்டுப் பெரும் சர்ச்சையானது பலருக்கு நினைவிருக்கும். கொப்பளித்துத் துப்பும் எண்ணெயை விடச் சமையலில் சேரும் எண்ணெய்க்கே இந்தக் கவலை பெரிது என்றாலும், சமைக்க நம்பாத எண்ணெயை வாய்க்கு நம்புவதில் அர்த்தமில்லை. கண்ணாடிப் போத்தலில் அழகாக வரும் வேர்ஜின் தேங்காய் எண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வாசனைக்கும் போத்தலுக்கும் போகிறது. கொப்பளிப்பதற்கு அது சாதாரண எண்ணெயை விட மேலானது என்று நான் ஏற்பதற்குக் காரணம் எதுவும் காணவில்லை.

முதியவர்களின் வாய் வறட்சிக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை முன்வைப்பேன். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். நீரிழிவும் வாயைக் காயவைக்கும். அத்தகையவருக்கு வாய் நிறைய எண்ணெய் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்வது தவறு. சுத்தமான விரலில் இரண்டு துளி தொட்டு உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவிவிட்டால், இரவில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவதி குறையும். எச்சில் குறைந்த வாயில் சூத்தை வேகமாக விழும் என்பதால், அவர்களுக்குப் பற்பசை மற்றவர்களை விட அவசியமானது.

## கராம்பெண்ணெய்

இந்தப் பட்டியலில் உடனடியாக உணரக்கூடிய பலன் தருவது கராம்பெண்ணெய் மட்டுமே. அதில் 70 முதல் 90 வீதம் வரை யூஜினோல் என்ற பொருள் இருக்கிறது. அது தொட்ட இடத்தை மரக்கச் செய்கிறது. பல் வைத்தியர்களும் யூஜினோலை நாக ஒட்சைட்டுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அந்தச் சிகிச்சை அறைக்கே உரிய கராம்பு வாசம் அதிலிருந்து வருவதுதான்.

மரக்கச் செய்யும் அதே பொருள், செறிவாகப் பட்டால் சதையை வேகவைக்கும். பஞ்சைக் கராம்பெண்ணெயில் தோய்த்து, வலிக்கும் பல்லோடு முரசையும் சேர்த்து மூடி, அப்படியே படுத்துறங்கியவரின் வாயை மறுநாள் பார்த்தால், அந்தப் பல்லைச் சுற்றி முரசு பாலாடை போல வெளுத்துச் சுருங்கியிருக்கும். தொட்டால் தோல் கழன்று வரும், அடியில் சிவந்த புண் இருக்கும். பிறகு பல்வலியோடு முரசு எரிவும் சேர்ந்துகொள்ளும். டிஸ்பிரின் குளிசையைப் பல்லிடுக்கில் வைக்கும் வழக்கமும் இதே புண்ணைத்தான் தருகிறது.

பயன்படுத்துவதானால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு அல்லது மூன்று துளி கராம்பெண்ணெய் கலந்து, ஈர்க்கு நுனியில் சுற்றிய சிறு பஞ்சை அதில் தொட்டுப் பிழிந்து, குழிக்குள் மட்டும் சில நிமிடங்கள் வைத்து எடுத்துவிட வேண்டும். ஊறும் எச்சிலைத் துப்ப வேண்டும். எண்ணெய் இல்லாத வீட்டில் ஒரு முழுக் கராம்பை அந்தப் பல்லருகே வைத்து மெதுவாக நசுக்கினாலும் ஓரளவு சுகம் கிடைக்கும். அதில் அளவு மீறிப்போகும் ஆபத்தும் குறைவு. குருதி உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் கராம்பெண்ணெயை மண்ணெண்ணெயைப் போலவே எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். 5 முதல் 10 மில்லிலீற்றர், அதாவது ஒன்றிரண்டு தேக்கரண்டி குடித்த சிறு குழந்தைகள் வலிப்பும் நினைவிழப்பும் ஈரல் பாதிப்பும் கண்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பல் முளைக்கும் குழந்தையின் முரசில் இதைத் தடவலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே.

ஐந்தாவது அளவுகோலில் இந்த எண்ணெய் தோற்பது, பலன் தருவதனாலேதான். வலி அடங்கிவிட்டால் வைத்தியசாலைக்குப் போவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அறுவடை முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று நீள்கிறது. அதற்குள் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகிவிடும்.

## வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும்

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று சொன்னவர்கள் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் சொன்னார்கள், எண்ணெயைச் சொல்லவில்லை. வேப்பங்குச்சியின் நுனியை மென்று தும்பாக்கித் தேய்ப்பதற்கும், வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயை வாயில் விடுவதற்கும் தொடர்பில்லை. குச்சியால் அழுக்கைத் தேய்த்தெடுக்க முடியும். அழுத்தித் தேய்த்தால் முரசு கீழிறங்கும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். வேப்பெண்ணெய் அப்படியல்ல. சிறு உபாதைகளுக்காக வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட மலேசியக் கைக்குழந்தைகளுக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவை ஏற்பட்டதை 1981 இல் வைத்தியர்கள் ஆவணப்படுத்தினார்கள். மேலும், எங்கள் ஊர்க் கடைகளில் பயிருக்குத் தெளிக்க விற்கும் வேப்பெண்ணெயில் நீரில் கரைவதற்கான வேறு பொருட்களும் சேர்க்கப்பட்டிருக்கும். எந்த வயதினருக்கும் அது வாய்க்கானதல்ல.

இலுப்பெண்ணெய் விளக்குக்கும் மூட்டுவலிக்கும் பயன்பட்டு வந்தது. பல்லுக்கு அதைத் தேடி அலைவதற்கு ஒரு காரணமும் இல்லை.

## எண்ணெயே வேண்டாம் என்ற தெரிவு

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இந்தத் தெரிவையும் அதே அளவுகோல்களில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இதுவே முதலிடம் பெறுகிறது. 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரை புளோரைட் உள்ள சாதாரணப் பற்பசையால் காலையிலும், இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்கி, துப்பிவிட்டு, வாயை நிறைய நீரால் அலசாமல் விடுவது சூத்தையைத் தடுக்கும். இதற்குப் பல பத்தாண்டுகளின் சான்று உண்டு. எந்த எண்ணெய்க்கும் இல்லை.

வன்னியில் இதற்கு எழும் எதிர்ப்பு நியாயமான அச்சத்திலிருந்து வருகிறது. “எங்கள் தண்ணீரிலேயே புளோரைட் கூட, பற்பசையிலும் ஏன்?” என்று கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்; வரண்ட வலயத்தின் சில கிணறுகளில் அதை விடக் கூடுதலாக இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பற்களில் திட்டு விழுவது, தாடைக்குள் பல் உருவாகும் சிறு வயதில் விழுங்கப்படும் புளோரைட்டினால். எட்டு வயதைத் தாண்டியவருக்கும் பெரியவர்களுக்கும் புதிதாக அந்தத் திட்டு முன்பற்களில் விழாது. எனவே, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி மணி அளவு, அதிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்று பெற்றோரே வைத்துக் கொடுத்து, துப்ப வைத்தால் போதும். பற்பசையைத் தூக்கியெறிந்து பிள்ளையை எண்ணெய்க்கு மாற்றுவது, திட்டுக்குப் பயந்து சூத்தையை வாங்குவதாகும். குடிநீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, நீர் வற்றுவதால் சற்றே செறிவுதான் கூடும். சவ்வு வடிகட்டியால் சுத்திகரித்த தண்ணீரை வாங்கிக் குடிக்கத் தொடங்கிய வீடுகளில் நிலைமை தலைகீழ். அந்த இயந்திரம் புளோரைட்டையும் அகற்றிவிடுவதால், அங்கே பற்பசையின் புளோரைட் முன்னை விட அவசியமாகிறது.

காசில்லாத இன்னொரு மாற்று, ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. முரசுப் புண்ணுக்கும், பல் பிடுங்கி ஒரு நாள் கழிந்த பின்னரான கொப்பளிப்புக்கும் எண்ணெயை விட இதையே நான் விரும்புவேன்.

## கணக்கில் வராத செலவுகள்

ஆய்வுகளில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் எண்ணெய் பயன்பட்டது. எங்களுக்குப் பழக்கமான 750 மில்லிலீற்றர் போத்தல் ஒருவருக்கு 75 நாட்கள் வரும். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டில் 19 நாட்களுக்கும் போதாது. வருடத்துக்கு அந்த வீடு இருபது போத்தலளவு எண்ணெயைத் துப்புகிறது. தேங்காய் விலை ஏறும் மாதங்களில் இது சமையலோடு போட்டி போடும். ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தினால் செலவு பாதியாகும். வாய்க்குள் அசைப்பதற்கு அந்த அளவும் போதும்.

நேரம் அடுத்த செலவு. பத்துப் பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்பது, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ ஓடும் தாய்க்கு இலகுவல்ல. நேரமின்மையால் எண்ணெயை வைத்துக்கொண்டு துலக்குவதை விட்டுவிடுபவர்கள், நல்ல பாதியைக் கொடுத்து அரைகுறைப் பாதியை வாங்குகிறார்கள்.

துப்பும் இடத்தையும் யோசிக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் துப்பினால் சீமெந்து வழுக்கும். அடுத்ததாகக் குடத்தோடு வருபவர் விழுவார். கைகழுவும் தொட்டியில் துப்பினால் குழாய்க்குள் படிந்து அடைக்கும். பழைய சிரட்டையில் சாம்பலோ மண்ணோ போட்டு அதில் துப்பிப் புதைப்பதே வசதியானது. கொப்பளித்த எண்ணெயை விழுங்கவும் கூடாது, தொண்டைக்குள் விட்டுக் களகளவென்று கொப்பளிக்கவும் கூடாது. எண்ணெய் சிறு துளியாக மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமல்கூட வராமலே நுரையீரலில் தங்கி, கொழுப்பு நிமோனியா என்ற நோயைத் தரக்கூடும். கொப்பளிப்பவர்களிடமே இது பதிவாகியிருக்கிறது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர், நடுக்குவாதம் உள்ளவர், துப்பத் தெரியாத பிள்ளைகள் ஆகியோருக்கு எந்த எண்ணெய்க் கொப்பளிப்பும் வேண்டாம்.

## யாருக்கு எது

நன்றாகத் துலக்கியும் முரசில் சற்றுக் கசிவு இருக்கும், நேரமும் ஆர்வமும் உள்ள பெரியவர், துலக்கலோடு சேர்த்து எண்ணெய் கொப்பளித்துப் பார்க்கலாம். வீட்டில் எள்ளு விளைந்தால் நல்லெண்ணெய். இல்லையென்றால் சமையலுக்கு வாங்கும் தேங்காய் எண்ணெய். இரண்டில் எது சிறந்தது என்று மேலும் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் கசிவு நிற்காவிட்டால் பெரும்பாலும் இறுகிய ஊத்தை இருக்கிறது என்று பொருள். எண்ணெயை மாற்றுவதில் பயனில்லை.

இரவில் பல் குத்தும் ஒருவருக்கு, விடியும் வரை கடத்தக் கராம்பெண்ணெயும், வேறு தடையில்லாவிட்டால் அளவான பரசிட்டமோலும் பொருந்தும். வறண்ட வாயுள்ள முதியவருக்குத் தேங்காய் எண்ணெய்த் தடவல். பிள்ளைகளுக்குப் பற்பசையும், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையமும்.

வெற்றிலை போடுபவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெளுப்பதும், உறைப்புப் பட்டால் எரிவதும், வாய் முன்போல அகலத் திறக்காமல் இறுகுவதும் அதன் முன்னறிகுறிகள். எரிவுக்கு எண்ணெய் இதமாக இருக்கும் என்பதனாலேயே இங்கு எண்ணெய் ஆபத்தானது.

## போத்தலை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டிய நேரம்

கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அன்றே போக வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குரியவை. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல் ஆகியவற்றுக்கு அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடக்கூடாது. அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. சில ஆதார வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சைப் பிரிவு இருப்பதால், தூரப் பயணத்துக்கு முன் அருகிலுள்ளதில் எந்த நாட்களில் பார்க்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் ஒரு நாட் கூலி மிஞ்சலாம்.

கதிரையில் அமர்ந்ததும், கடந்த சில நாட்களில் அந்தப் பல்லில் எதை வைத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கராம்பெண்ணெய் ஊறிய குழியில், பல்லின் நிறத்திலேயே போடப்படும் பிசின் அடைப்பு சரியாக இறுகாமல் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் குழியை நன்றாகச் சுத்தம் செய்தோ, முதலில் வேறு அடைப்பை இட்டோ வேலையைத் தொடங்குவார்.